கடன் வழக்கில் அழைப்பாணை வந்தால்: என் அனுபவம்

தவணைக்கு வாங்கிய பிரிட்ஜின் மிச்சக் காசு விசயம், வழக்குக்கு முன் சமரசம் பேசும் மத்தியஸ்த சபையில் தீரவில்லை. மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தது. ‘கையெழுத்து வைக்காத, வழக்கு நிக்காது’ என்றார் மாமா. அந்தக் கதையை மட்டும் கேட்காதீங்க. குறித்த திகதியில் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். பிறகு வீட்டுச் சாமானிலும் கை வைக்கலாம்.

சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போனேன். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே சட்டத்தரணி இலவசம். எனக்குக் கிடைத்த சட்டத்தரணிப் பிள்ளை முதலில் கேட்டது பற்றுச்சீட்டுகளைத்தான். அம்மா பால்மா டின்னுக்குள் ஒன்றும் விடாமல் போட்டு வைத்திருந்தா. மேசையில் பரப்பி, கடைக்காரர் காட்டிய கணக்கோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தோம். சித்திரை வருசத்துக்கு முந்திக் கட்டிய காசு கணக்கிலேயே இல்லை. அதற்கும் வட்டி போட்டிருந்தார்கள்!

எழுத்து ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 6 வருடம்தான் காலக்கெடு. எங்களது அதற்குள்தான் இருந்ததால், காலம் கடந்த வழக்கு என்று சொல்ல வழியில்லை. ஆகவே விடுபட்ட காசைக் காட்டி, பற்றுச்சீட்டுப் பிரதிகளோடு மறுமொழி தாக்கல் செய்தோம். கடைத் தரப்பு கணக்கைத் திருத்தி, மிச்சத்தை மாதாமாதம் கட்டச் சம்மதித்தது. அப்படிச் சம்மதித்தால் வாய்ப்பேச்சோடு விடாதீங்க, நீதிமன்றத்தின் வழக்கேட்டில் பதியச் சொல்லிக் கேளுங்க.