கடைசியில் சொல்கிறேன் என்பதை விட்டேன்

கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்புகளில் சொட்டுநீர்க் கருவியைச் செய்துகாட்டும்போது, யார் கேள்வி கேட்டாலும் "கடைசியில் சொல்கிறேன் அண்ணா" என்பேன். ஒருநாள் பெரியவர் ஒருவர், "எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் உப்புத்தண்ணீர். அடைத்துக்கொள்ளாதா தம்பி?" என்றார். வழக்கமான பதிலையே சொன்னேன். அவர் எழுந்தார், பின்னாலேயே பாதிப் பேர் போய்விட்டார்கள். அவர் கேட்டதுதான் உண்மையான கேள்வி.

இப்போது அடைத்துப்போன சொட்டுவானை, அதாவது குழாயிலிருந்து நீரைச் சொட்டவிடும் சிறு பாகத்தை, கையோடு கொண்டுபோகிறேன். கேள்வி வந்ததும் பேச்சை நிறுத்தி அதைக் காட்டுகிறேன். வடிகட்டி மணலைத்தான் தடுக்கும். உப்புத்தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பைத் தடுக்காது, அதற்கு அமிலக் கழுவல் வேண்டும் என்று மறைக்காமல் சொல்கிறேன். பிறகு கேட்டவரிடமே அளவுக்குவளையைக் கொடுக்கிறேன். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் 3 நிமிடத்தில் 200 மில்லி தர வேண்டும். அவரே அளந்து பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்கிறார்.