டர்பன் வீடுகளில் தவளை வளர்ப்பு: தண்ணீரும் தங்குமிடமும்

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்பக்கத்திலும் இருக்கும் மெல்லிய தோல் வழியாகத்தான் உடம்புக்கு வேண்டிய நீரை உறிஞ்சிக்கொள்கிறது, மூச்சில் ஒரு பங்கையும் அதே தோல்தான் பார்த்துக்கொள்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வதெல்லாம் எளிதாகப் புரியும். தொட்டித் தண்ணீரில் கலந்திருப்பது எதுவானாலும், அது குழாயிலிருந்து வந்த குளோரினோ உங்கள் விரலில் ஒட்டியிருந்த சோப்போ, நேராக அதன் ரத்தத்துக்குள் போய்விடுகிறது.

இங்கே டர்பனில் அக்டோபர் வாக்கில் மழை தொடங்கிவிட்டால் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கமெல்லாம் ராத்திரி முழுக்கத் தவளைச் சத்தம்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அப்படிக் கத்துகிற தவளையைத் தேடிப் பிடித்துப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். தயவுசெய்து பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கடலோரச் சதுப்புகளில் மட்டுமே வாழும் பிக்கர்ஸ்கில் நாணல் தவளை அழிவின் விளிம்பில் இருக்கிறது, கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும், சாதாரண நாணல் தவளையிலிருந்து அதைப் பிரித்தறிய பழகிய கண் வேண்டும். வளர்க்கத்தான் ஆசை என்றால் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த தவளையைப் பொறுப்பான வளர்ப்பாளரிடமிருந்து வாங்குங்கள், அதற்கு முன்னால் அனுமதி தேவையா என்று மாகாண வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பான எசெம்வெலோவின் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். "தவளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தத் தவளை என்று முதலில் சொல்ல வேண்டும். நம் தென்னாப்பிரிக்காவிலேயே வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும் தவளையும் உண்டு, நீந்தவே தெரியாமல் மண்ணுக்குள் வாழும் மழைத் தவளையும் உண்டு. மழைத் தவளையை ஆழமான தண்ணீரில் விட்டால் மூழ்கிச் செத்துப்போகும். அதை வீட்டில் வைக்கவே வேண்டாம்.

தண்ணீரிலேயே இருப்பது பிளாட்டானா. பின்னங்கால் விரல்களில் கறுப்பு நகங்கள், நாக்கு கிடையாது, முன்கைகளால் இரையை வாய்க்குள் தள்ளும். 1930-களில் கேப் டவுனில் நடந்த ஆராய்ச்சிகளுக்குப் பிறகு, பெண்கள் கருவுற்றிருக்கிறார்களா என்று சோதிக்க இதே தவளையை உலகம் முழுக்கக் கப்பலில் அனுப்பினார்கள். ஒரு தவளைக்கு 40 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும், தண்ணீர் 25 முதல் 30 செ.மீ. ஆழம் போதும், ஏனென்றால் மூச்சு வாங்க அது மேலே வந்து போக வேண்டும். தரை மேடெல்லாம் தேவையில்லை. மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும், ராத்திரியில் எம்பிக் குதித்து வெளியே விழுந்தால் காலைக்குள் காய்ந்துவிடும். அடியில் சின்னக் கூழாங்கல் போடாதீர்கள், இரையோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். ஒன்றும் போடாமல் விடுங்கள், இல்லாவிட்டால் அதன் தலையைவிடப் பெரிய வழுவழுப்பான கற்களாகப் போடுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு மண்பானையைச் சாய்த்து வைத்தால் அதற்கு நிம்மதி.

பிளாட்டானாவின் உடம்பின் இருபுறமும் தையல் போட்டதுபோல் ஒரு கோடு தெரியும், தண்ணீரின் அசைவை உணர்கிற உறுப்பு அது. அதனால் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சும் ஃபில்டர் அதற்கு ஓயாத தொந்தரவு, ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் நல்லது. புது ஃபில்டர் போட்டவுடனே வேலை செய்யாது. கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒரு சோதனைப் பெட்டி வாங்கி அடிக்கடி பாருங்கள், அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், கொஞ்சம் ஏறினாலும் தண்ணீரில் பாதியை மாற்றிவிடுங்கள். நிலைபெற்ற பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அந்த பாக்டீரியா செத்துவிடும், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள்.

டர்பனில் பிளாட்டானா வைத்திருப்பவர்கள் நிஜமாகவே கவலைப்பட வேண்டியது வெயிலைப் பற்றித்தான். அதற்குப் பிடித்தது 16 முதல் 22 டிகிரி. ஜனவரி, பிப்ரவரிக் கோடையில் நம் வீட்டு அறைகளே அதைத் தாண்டிவிடும். மேற்குப் பக்க ஜன்னலோரம் தொட்டியை வைக்காதீர்கள், தரையோடு தரையாக வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள், தண்ணீருக்கு மேலே காற்று படும்படி சின்ன ஃபேன் ஓடட்டும், ரொம்பச் சூடான நாளில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு மிதக்க விடலாம். ஐஸ் கட்டியை நேரடியாகக் கொட்டாதீர்கள்.

அடுத்து ஆப்பிரிக்கப் புல்ஃப்ராக். இதற்குத் தண்ணீரைவிட மண் முக்கியம். இயற்கையில் வறண்ட மாதங்களெல்லாம் மண்ணுக்குள் தோலாலேயே ஒரு உறை கட்டிக்கொண்டு கிடந்துவிட்டு, பெருமழைக்கு வெளியே வரும். ஆண் தவளை தலைப்பிரட்டைகளுக்குக் காவல் இருக்கும், குட்டை வற்றப்போகிறது என்றால் பக்கத்துக் குட்டையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவரும். இப்படிப்பட்ட ஜீவனை வெறும் கண்ணாடித் தொட்டியில் ஈரமில்லாமல் உட்கார வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. ஆண் 20 செ.மீ.க்கு மேலே வளரும், இருபது வருஷத்துக்கு மேலும் வாழும், அதை யோசித்து வாங்குங்கள். தரைப்பரப்பு குறைந்தது 90க்கு 45 செ.மீ., அதில் 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள். ஈரம் எவ்வளவு என்றால், புட்டுக்குப் பிசறிய மாவு மாதிரி, கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், ஒரு சொட்டும் வடியக் கூடாது. உரம் கலந்த தோட்ட மண், வெள்ளை உருண்டைகள் கலந்த செடி மண் இரண்டும் ஆகாது.

தண்ணீர்க் கிண்ணம் தவளை முழுசாக உட்காரும் அளவு அகலமாக, தாடை உயரத்தைத் தாண்டாத ஆழத்தில் இருக்கட்டும். இந்தத் தவளை கனமானது, நீச்சலும் சுமார்தான். கிண்ணத்திலேயே மலம் கழிக்கும் பழக்கம் இருப்பதால் தினமும் தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும், இதில் "நாளைக்குப் பார்க்கலாம்" கிடையாது, அழுக்குத் தண்ணீரில் உட்கார்ந்தால் தன் கழிவையே தோல் வழியாகத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும். சூடாக்கும் தகட்டைத் தொட்டிக்கு அடியில் ஒட்டாதீர்கள். சூடு அதிகமானால் இந்தத் தவளை செய்வது கீழே தோண்டுவதுதான், அடியிலேயே சூடு இருந்தால் தப்பிக்கப் போய் வெந்துபோகும். பக்கவாட்டுக் கண்ணாடியில், தெர்மோஸ்டாட்டோடு வையுங்கள். டர்பனில் குளிர்காலத்து ராத்திரிகளுக்கு மட்டும் அது தேவைப்படலாம், ஜோகன்னஸ்பர்க் பக்கம் உறைபனி விழும் ஊர்களில் மே முதல் ஆகஸ்ட் வரை கட்டாயம். ஒரு தொட்டிக்கு ஒன்றுதான், இரண்டு வைத்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும்.

நாணல் தவளைக்கு உயரம் வேண்டும், 60 செ.மீ. இருந்தால் நல்லது. உள்ளே நிமிர்ந்து நிற்கும் தண்டுகள், அகல இலைச் செடி, ஒரு சின்ன ஆழமற்ற கிண்ணம், அதிலிருந்து ஏறி வர ஒரு குச்சி. சாயங்காலம் தண்ணீர் தெளியுங்கள், காலைக்குள் இலைகள் காய்ந்திருக்க வேண்டும். கோடையில் நம் ஊர்க் காற்றே ஈரமாக இருப்பதால் ரொம்பத் தெளித்தால் பூஞ்சைதான் பிடிக்கும், ஆகவே மூடியில் கம்பி வலை போட்டுக் காற்று போகவிடுங்கள். அதே தவளை ஜூலை மாதம் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தால் காலையும் மாலையும் தெளிக்க வேண்டி வரும். செலவைப் பற்றி யோசிக்காமல் ஈரப்பதமானி ஒன்று வாங்கிவிடுங்கள், 60 முதல் 80 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம். அகலவாய்ப் பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் கிருமி நீக்கத்துக்குக் குளோரமின் சேர்த்திருந்தால் ஒரு நாளில் போகாது, பல நாள் அப்படியே நிற்கும். எனவே இரண்டும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மீன் கடையில் விற்கும் நீர் சீராக்கும் சொட்டு மருந்தைப் போடுங்கள். வாங்கும்போது குளோரமினையும் அமோனியாவையும் சேர்த்து நீக்கும் என்று லேபிளில் எழுதியிருக்கிறதா பாருங்கள், ஏனென்றால் மலிவான சில மருந்துகள் குளோரமினை உடைத்து அமோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். காய்ச்சி வடித்த நீரைக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டாம், அதில் உப்புக்கள் இல்லாததால் தவளையின் உடம்பிலிருக்கும் உப்பு வெளியே போகும். தெளிப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம்.

ஜோஜோ டேங்கில் பிடித்த மழைநீர் நல்லதுதான், கூரையைப் பொறுத்து. பருவத்தின் முதல் மழையைப் பிடிக்காதீர்கள், அத்தனை பறவை எச்சமும் தூசியும் அதில்தான் வரும். புதிதாகப் பெயின்ட் அடித்த கூரை, செம்புக் குழாய் இரண்டும் ஆபத்து, செம்பு தவளைக்கு விஷம். ஏப்ரல் 2022 வெள்ளத்தில் டோங்காட்டின் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் அங்கே குழாயில் தண்ணீர் வராமல் ஜனங்கள் லாரிக்குக் காத்திருந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அதனால் சீராக்கிய தண்ணீரை ஐந்து லிட்டர் பாட்டில் இரண்டு மூன்றில் எப்போதும் நிழலில் வைத்திருங்கள், வாரம் ஒருமுறை புதுப்பியுங்கள். நின்றுபோன குழாய் திரும்ப வரும்போது முதலில் வரும் கலங்கலைத் தொட்டிக்குப் பிடிக்காதீர்கள். மின்வெட்டு நாட்களுக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று இருந்தால் ஃபில்டர் பாக்டீரியா பிழைக்கும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு வார்த்தை. தொட்டியைச் சாமி அறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சாம்பிராணியும் கற்பூரமும் கொசுவர்த்தியும் நமக்கு மூக்கோடு போய்விடும், தவளைக்கு உடம்பு முழுக்கப் படியும். பூச்சி மருந்து அடிக்கிற அறையில் அது இருக்கவே கூடாது. தொட வேண்டிய கட்டாயம் வந்தால் மஞ்சள், எண்ணெய், சோப்பு எதுவும் இல்லாமல் கையை நன்றாக அலசி, சீராக்கிய தண்ணீரில் நனைத்துக்கொண்டு தொடுங்கள், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தவளைத் தோலில் சால்மொனெல்லா இருக்கலாம்.

எப்போது ஏதோ சரியில்லை என்று தெரியும்? நிலத் தவளை நாள் முழுக்கக் கிண்ணத்தை விட்டு எழவில்லை என்றால் சுற்றுப்புறம் காய்ந்திருக்கிறது. தண்ணீர் பக்கமே போகாமல் கண்ணாடியில் ஏறி ஏறி விழுந்தால் தண்ணீரை முகர்ந்து பாருங்கள். அடிவயிறும் தொடையும் சிவந்தால், தோல் உரிந்து உரிந்து துண்டாகத் தொங்கினால், உடம்பு உப்பினால், கைவைத்தியம் பார்க்காமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள்.

கடைசியாக, பழைய தண்ணீரை ஓடையிலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்றாதீர்கள். தவளைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை இப்படித்தான் பரவும், 1938-ல் பிடித்துப் பதப்படுத்திய ஒரு பிளாட்டானாவிலேயே அது இருந்திருக்கிறது. கழிப்பறையில் ஊற்றிவிடுங்கள். வளர்த்த தவளையை வெளியே விடுவதும் கூடாது. டர்பன் பக்கத்துத் தேரையை 1922-ல் கரும்பு வண்டைத் தின்னும் என்று மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள், 1927-ல் அங்கிருந்து ரீயூனியனுக்கு, இன்றைக்கும் இரண்டு தீவுகளிலும் அது பெருகிக் கிடக்கிறது. இனி வளர்க்க முடியாது என்ற நிலை வந்தால் வாங்கிய வளர்ப்பாளரிடமே கேளுங்கள், பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் நல்ல ஆளாகப் பார்த்துத் தர உதவுவார்கள்.