பனி மூடிய வீட்டுப் பாதையில் வண்டி ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொராண்டோவின் நெரிசல் போதும் என்று வடக்கே கிரே, புரூஸ், சிம்கோ வட்டாரக் கிராமங்களுக்கு நம்மவர்கள் சிலர் குடிவருகிறார்கள். நகரத்தில் இரண்டு கார் நிற்கும் நீளமே இருந்த டிரைவே, இங்கே சாலையிலிருந்து வீடுவரை நூறு, இருநூறு மீட்டர் போகிறது. ஹூரான் ஏரியும் ஜார்ஜியன் விரிகுடாவும் உறையாமல் இருக்கும்வரை, அவற்றின் மேல் வீசும் குளிர்காற்று ஈரத்தை அள்ளி வந்து எங்கள் தலையில் பனியாகக் கொட்டும். அதுவும் ஒடுங்கிய பட்டைகளாக வருவதால், பக்கத்து ஊரில் வெயில் அடிக்கும்போது இங்கே ஒரே இரவில் 30 சென்டிமீட்டர் சேர்ந்துவிடும்.

நாங்கள் வந்த புதிதில் செய்த அதே தவறுகளை, புதிதாக வருபவர்களும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்கிறார்கள். குளிர்கால டயர் போடுங்கள், கண்ணாடியைச் சுரண்டிவிட்டுக் கிளம்புங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

வேகமாக வந்து பனி வரப்பை ஏறிக் கடக்கப் பார்ப்பது

இதை எங்கே பார்த்தாலும் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. கொஞ்சம் பொறுத்திருந்தால் ஒரு காசு செலவாகாது.

சாலையில் பனி ஒதுக்கும் லாரி போகும்போது ஒவ்வொரு டிரைவேயின் வாயிலும் ஒரு வரப்பை விட்டுவிட்டுப் போகும். வானத்திலிருந்து விழுந்த பஞ்சுப் பனி அல்ல அது. தகடு புரட்டி நெருக்கிய பனி. அதோடு மணலும் உப்பும் பனிக்கட்டித் துண்டுகளும் கலந்திருக்கும். சில மணி நேரம் கிடந்தால் இறுகிவிடும்.

சென்ற ஜனவரியில் எங்கள் சாலையில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் வேலை முடிந்து இரவில் வந்தார். முழங்கால் உயர வரப்பு. சாலையிலிருந்தே வேகமெடுத்து ஒரு முட்டு. வண்டியின் முன்பாதி மேலே ஏறி நின்றுவிட்டது. பின்பாதி சாலையில் நீட்டிக்கொண்டிருந்தது. லாரி திரும்பி வரும் வழி அது.

“அண்ணா, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இது. ஏன் நகரவில்லை?” என்றார்.

“தம்பி, குனிந்து கீழே பாருங்கள்” என்று டார்ச்சை அடித்தேன். வண்டியின் அடிவயிறு முழுவதும் பனியின் மேல் உட்கார்ந்திருந்தது. அடித்தகடு உரசிய இடத்தில் பனி சலவைக்கல்லாக மின்னியது. இரண்டு டன் எடையில் பெரும்பங்கு அந்தத் திட்டின் மேல். சக்கரங்களுக்குக் கிடைத்தது மிச்சம்தான். எடை இறங்காத சக்கரத்துக்குப் பிடிப்பு கிடையாது. அது இரண்டானாலும் நான்கானாலும் ஒன்றுதான். சாதாரணக் காரின் அடிப்பகுதி தரையிலிருந்து 13, 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். உயரமான வண்டிகளுக்கு 20, 22. வரப்பு அதைவிட உயரமென்றால் வேகம் உங்களைக் கடத்திவிடாது, மேலே ஏற்றி உட்காரவைக்கும்.

அதற்குப் பிறகும் அவர் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். சுழலும் டயரின் சூட்டில் பனி உருகி, மறுபடி உறைந்து, ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் டயர் அச்சோடு ஒரு பனிக்கட்டிக் கிண்ணம். எஞ்சினுக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக் கவசம் கிழிந்து தொங்கியது, முன்பம்பரில் விரிசல். இழுவை வண்டிக்கான கூலி தனி.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சாலையோரமாக நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டுவிட்டு, மண்வாரியை எடுத்து வரப்பை வெட்டுங்கள். மண்வாரி வண்டிக்குள் இருக்க வேண்டும். டிரைவேயின் மறுகோடியில் கராஜில் கிடந்தால் பயனில்லை. டயர் போகும் இரண்டு தடத்தை மட்டும் வெட்டி நடுவை அப்படியே விடுகிறார்கள். வண்டியைத் தூக்கி நிறுத்துவதே அந்த நடுப்பகுதிதான், முதலில் அதை எடுங்கள். வெட்டிய பனியைச் சாலையில் தள்ளாதீர்கள். ஒண்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதைத் தடுக்கிறது. வீட்டிலிருந்து சாலையைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் போடுங்கள். லாரி இடமிருந்து வலமாக வருவதால், இடப்பக்கம் குவித்ததை மறுபடி உங்கள் வாசலுக்கே இழுத்து வரும்.

வரப்பைத் தாண்டிய பிறகும் நிதானம் வேண்டும். பம்பர் பனியைத் தள்ளத் தொடங்கி வண்டி திணறினால், சக்கரம் சுழலும் முன்பே நிறுத்துங்கள். வந்த தடத்திலேயே பின்னால் போய் மறுபடி முன்னே வாருங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூரம் கூடக் கிடைக்கும். அசைத்து அசைத்து வெளியே எடுக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் தேவையான நேரத்தில் அது எஞ்சினின் விசையைக் குறைத்துவிடும்.

சிக்கிய வண்டியில் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருப்பது

புகைக்குழாயைப் பனி அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. குழந்தைகளைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து எஞ்சினை ஓடவிட்டு, நீங்கள் வெளியே நின்று பனியை வெட்டும் வழக்கத்தை இன்றே விடுங்கள். முதலில் குழாயைச் சுற்றியிருக்கும் பனியைத்தான் வெட்டி எடுக்க வேண்டும். பிறகும் அடிக்கடி பாருங்கள், காற்று மறுபடி மூடிவிடும்.

இழுவைக் கயிற்றை டிரெய்லர் உருண்டையில் மாட்டுவது

கூடவே கூடாது. வண்டியின் பின்னால் டிரெய்லரைப் பூட்டும் அந்த இரும்பு உருண்டை, இழுக்கும்போது முறிந்தால் குண்டாகப் பாயும். இதில் உயிர்கள் போயிருக்கின்றன.

ஓரம் தெரியாமல் ஓட்டுவது

மண் உறைவதற்கு முன், நவம்பரிலேயே, இரு பக்கமும் கம்பு நடுங்கள். சாலையோரப் பள்ளமும் மதகுக் குழாயின் வாயும் இருக்குமிடத்தில் நெருக்கமாக நடுங்கள்.

பனியை ஓரத்திலேயே குவிப்பது

டிசம்பரில் பாதையை ஒட்டிக் குவித்தது ஜனவரியில் கல்லாகிவிடும். பிறகு தள்ள முடியாது. பிப்ரவரிக்குள் பாதை ஒரு வண்டி அகலமாகச் சுருங்கிவிடும். முதல் பனியிலேயே இரு பக்கமும் ஒரு மீட்டர் கூடுதலாகத் தள்ளி வையுங்கள். எரிவாயு நிரப்பும் லாரியும் ஆம்புலன்சும் வரவேண்டிய வழி அது ஒன்றுதான்.