பாய்மரப் படகின் உடலைக் கணினித் தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கடல் கிடையாது. ஆனால் கிந்தா வட்டாரத்துப் பழைய ஈயக்குட்டைகளில் ஒரு மீட்டர் ரிமோட் பாய்மரப் படகு விடும் தோட்டத்துத் தம்பிகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, வெட்டி ஒட்டுறதுக்கு முன்னாடியே எந்த வடிவம் நல்லா ஓடும்னு தெரிஞ்சுக்க முடியுமா?" முடியும், காசும் செலவில்லை.

தேவையானவை தண்ணீரின் ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம், விடையைப் படமாகக் காட்டும் பாராவியூ, வடிவம் வரைய ஃப்ரீஷிப். விண்டோஸ்காரர்கள் ஓப்பன்ஃபோமை டபிள்யூஎஸ்எல்லில் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டுக்கொள்ளுங்கள். பொதுவான கேட் (கணினி வரைபட) மென்பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃப்ரீஷிப்பில் கோட்டை இழுத்த உடனே படகு எவ்வளவு எடையைத் தாங்கும், எவ்வளவு ஆழம் மூழ்கும் என்று தெரிந்துவிடும்.

முதலில், வரைந்த உடலை எஸ்டிஎல் (முக்கோணங்களாலான முப்பரிமாண வடிவம்) கோப்பாக எடுங்கள். கீல் (அடியில் நீளும் தகடு), சுக்கான் இப்போதைக்கு வேண்டாம். சர்ஃபேஸ்செக் கட்டளையை ஓட்டி, ஓட்டை இல்லை என்பதையும் நீளம் 1 என்பதையும் பாருங்கள். 1000 என்று வந்தால் கோப்பு மில்லிமீட்டரில் இருக்கிறது. ஓப்பன்ஃபோம் அதை மீட்டராகவே எடுத்துக்கொள்ளும், அதனால் 0.001-ஆல் சுருக்குங்கள்.

அடுத்து, ஓப்பன்ஃபோமில் காற்றும் தண்ணீரும் சேர்ந்த ஓட்டத்தைக் கணக்கிடும் இன்டர்ஃபோமின் மாதிரிகளில் உள்ள டிடிசிஹல் கோப்புறையைப் பிரதியெடுங்கள். அது ஒரு கொள்கலன் கப்பலின் சுமார் 6 மீட்டர் மாதிரி. அதை எடுத்துவிட்டு உங்கள் படகை வைத்து, சுற்றியுள்ள தொட்டியையும் அதே விகிதத்தில் சுருக்குங்கள். எங்கே கட்டங்களை நுணுக்குவது என்று சொல்லும் டோப்போசெட் கோப்புகள் ஆறு இருக்கும், ஆறிலும் எண்களை மாற்ற வேண்டும். வேகத்தை நொடிக்கு 1 மீட்டராக வையுங்கள். நம் ஊர்த் தண்ணீர் வெதுவெதுப்பானது. 28 டிகிரியில் அதன் இயக்கப் பாகுநிலை (பிசுக்குத்தன்மையை அடர்த்தியால் வகுத்தது) சுமார் 0.84×10⁻⁶ ச.மீ/நொடி. மாதிரியில் இருக்கும் குளிர்நாட்டு எண்ணை அப்படியே விடாதீர்கள்.

இனி வருவதுதான் ஆளை உட்கார வைக்கும் இடம்: நீர்மட்டம். என்னையும் இங்கேதான் வாட்டி எடுத்தது. மாதிரியின் நீர்மட்டமான 0.244 மீட்டர் என்ற எண் பிளாக்மெஷ், செட்ஃபீல்ட்ஸ், எச்ரெஃப் என மூன்று கோப்புகளில் ஒளிந்திருக்கிறது. மூன்றிலும் ஃப்ரீஷிப் சொன்ன உங்கள் நீர்மட்டமே இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் கணக்கு நிற்காமல் ஓடும், விடைதான் தப்பாக வரும்.

மட்டம் சரியானாலும், தொட்டியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் வலை முரடாக இருந்தால் கணக்கில் காற்று படகின் அடியில் கசியும். இந்த வேகத்தில் எழும் அலையின் நீளம் ஏறக்குறைய 64 சென்டிமீட்டர், உயரமோ சில சென்டிமீட்டர்தான். அதனால் நீர்மட்டத்தை ஒட்டிய கட்டங்களின் உயரம் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகவே கூடாது என்பது என் பிடிவாதம். நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டர் இருந்தாலும் பரவாயில்லை.

ஓடி முடிந்ததும் பாராவியூவில் உடலை மட்டும் எடுத்து, ஆல்ஃபா.வாட்டர் (தண்ணீரின் பங்கு: 1 முழுத் தண்ணீர், 0 முழுக் காற்று) நிறத்தில் அடிப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். மூழ்கிய பகுதி முழுக்க 1 காட்ட வேண்டும். மூக்கிலிருந்து பின்பக்கம் வரை 0.8, 0.7 என்று நாக்கு மாதிரி ஒரு தடம் நீண்டால் உராய்வு குறைந்து, படகு பறப்பதுபோல் எண் வரும். அதை நம்பி மரத்தை வெட்டிவிடாதீர்கள். கட்டங்களை இன்னும் மெல்லியதாக்கி, கூரான்ட் எண்ணை (ஒரு காலப்படியில் தண்ணீர் எத்தனை கட்டம் தாண்டுகிறது என்பது) குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.

கடைசியாகக் கைக்கணக்கு. நீளத்தையும் வேகத்தையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் வரும் ரெனால்ட்ஸ் எண் சுமார் 12 லட்சம். உராய்வுக் குணகத்துக்கான ஐடிடிசி (கப்பல் மாதிரிச் சோதனைக்கூடங்களின் அமைப்பு) 1957 சூத்திரம் 0.075 ÷ (10-அடி மடக்கை ரெனால்ட்ஸ் − 2)². விடை 0.0045. நனையும் பரப்பு 0.18 சதுர மீட்டர் என்றால் உராய்வு (½ × அடர்த்தி 1000 × பரப்பு × வேகத்தின் வர்க்கம் × குணகம்) 0.4 நியூட்டன். இந்த மாதிரி நெடுக்காகப் பாதிப் படகை மட்டுமே கணக்கிடும்; அதனால் விசைகளைப் பதியும் ஃபோர்சஸ் கோப்பில் விஸ்கஸ் (உராய்வு) பகுதி அரைப்படகுக்கு 0.2 பக்கம் வந்தால் நிம்மதி. வடிவத்துக்கு வடிவம் அதிகம் மாறுவது பிரஷர் (அழுத்த) பகுதி. இரண்டு உடல்களை ஒரே எடையில், ஒரே வலையில் ஓட்டி அதை ஒப்பிடுங்கள்.

சேர்க்கை: மாலை இடியில் கரண்ட் போய் எல்லாம் வீணானதாக ஒரு தம்பி எழுதியிருந்தார். சேமிக்கும் இடைவெளியான ரைட்இன்டர்வலைக் குறைத்து, ஸ்டார்ட்ஃப்ரம் இடத்தில் லேட்டஸ்ட்டைம் என்று போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இன்னொரு சேர்க்கை: இன்டர்ஃபோம் மாதிரிகளே இல்லை என்பவர்கள் ஓப்பன்ஃபோமின் இரு பிரிவுகளில் ஒன்றான ஃபவுண்டேஷன் வெளியீடு 11 அல்லது அதற்குப் பிந்தையதை வைத்திருப்பீர்கள். அதில் ஃபோம்ரன் என்று மாறிவிட்டது. இந்தப் பாடத்துக்கு ஓப்பன்ஃபோம்.காம் வெளியீட்டை இறக்குங்கள்.