தொடக்கப் பள்ளியில் எழுதக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரும்பலகையில் இருப்பதைப் பிழையில்லாமல் பார்த்தெழுதும் மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் "நேற்று என்ன நடந்தது, இரண்டு வரி எழுது" என்று சொல்லிப் பாருங்கள். பென்சிலைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கும். பார்த்தெழுதப் பழக்கியதையே எழுதக் கற்றுக்கொடுத்ததாக நினைப்பதுதான் முதல் தவறு. சொந்தமாக எழுதும்போது என்ன சொல்வது, எந்தச் சொல், எந்த எழுத்து என மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியிருக்கிறது. எழுதும் முன் ஐந்து நிமிடம் பக்கத்துக் குழந்தையோடு பேசவிட்டால் முதல் சுமை இறங்கிவிடும்.

தலைப்பு பொதுவாக இல்லாமல், குழந்தை தானே பார்த்த ஒரு சின்ன விஷயமாக இருக்கட்டும். 'பசு' என்றால் எல்லா நோட்டிலும் "பசு ஒரு வீட்டு விலங்கு" என்றே தொடங்கும். 'பள்ளிக்கு வரும் வழியில் பார்த்தது' என்றால் ஆளுக்கொன்று வரும்.

அதிகம் கெடுப்பது சிவப்புப் பேனா. ஒரு குழந்தை இப்படி எழுதுகிறது: "நேத்து மழ பெஞ்சிச்சு. எங்க கோளி நனஞ்சு போச்சு." ஏழு சொற்கள். ஏழையும் திருத்தலாம். அப்படித் திருத்திய நோட்டைப் பார்க்கும் குழந்தை அடுத்த முறை ஒரே வரியோடு நிறுத்திக்கொள்ளும். தெரிந்த சொல்லை மட்டும் எழுதும். இந்த ஏழும் ஒரே வகைப் பிழையும் அல்ல. 'நேத்து', 'பெஞ்சிச்சு', 'போச்சு' எல்லாம் வீட்டில் பேசும் தமிழ். அதைத் தப்பு என்று சொல்லாமல், "வீட்டில் நேத்து, நோட்டில் நேற்று" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். காத்து–காற்று, ஆத்துல–ஆற்றில் என்று கூடவே சேர்க்கலாம். அன்றே பத்து, முத்து இரண்டும் மாறாது என்றும் காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் 'முற்று மாலை' வரும். 'மழ', 'நனஞ்சு' இரண்டிலும் விட்டுப்போனது ஐகாரம். தலை, இலை, வலை என்று அதை இன்னொரு நாள் எடுக்கலாம்.

'கோளி' வேறு கதை. வாயில் ழ வராத குழந்தைக்குக் காதிலும் அது பிடிபடாமல் இருக்கலாம். ள சொல்லும்போது மடங்கிய நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொடும், ழ-வுக்குத் தொடாமல் நிற்கும். இதைச் சொல்லிப் பழக்கிய பிறகுதான் எழுதச் சொல்ல வேண்டும். ஒரு நோட்டில் ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்தினால் போதும். சந்திப் பிழையை இந்த வயதில் தொடவே வேண்டாம்.

தப்பான சொல்லை ஐம்பது முறை எழுதச் சொல்வதில் பயனில்லை. குழந்தைகள் முதலில் பக்கம் முழுக்க 'நே' என்று மேலிருந்து கீழாக எழுதி, பிறகு 'ற்', பிறகு 'று' என்று நிரப்பிவிடுவார்கள். சொல் மனதில் ஏறவே ஏறாது. சொல்லைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, மூடி வைத்து எழுதி, திறந்து ஒப்பிடட்டும். மூன்று முறை போதும். மறுநாள் ஒரு முறை.

சொல்வதெழுதுதலில் வேகம் கூடாது. 'கோ' எழுதக் கொம்பு முதலில், கால் கடைசியில். அவசரப்படுத்தினால் கால் விட்டுப்போய் 'கே' ஆகிவிடும்.

முதல் வகுப்பில் அ, ஆ வரிசைப்படியே எழுதவும் தொடங்க வேண்டியதில்லை. அ-வின் சுழியே பிஞ்சு விரலுக்குக் கடினம். கீழே இழுத்து வலப்பக்கம் போனால் ட, அதையே மேலே ஏற்றினால் ப. கூட ம் சேர்ந்தால் முதல் வாரத்திலேயே 'படம்' என்று ஒரு முழுச் சொல் எழுதிவிடலாம்.