கொழும்பு வெக்கைக்கு எந்தப் பியர், எப்படி?

ரின்னைக் கையில் எடுத்ததும் பெயரை விட்டுவிட்டு மதுசார வீதத்தைப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் கொழும்பில் நிழலிலேயே 32 பாகை வரும். காற்றின் ஈரத்தில் வியர்வையும் காயாது. மதுசாரமோ சிறுநீரைக் கூட்டி உடம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் வெளியேற்றும். அதனால் பகலில் 3 முதல் 5 வீதத்துக்குள் நில்லுங்கள். 8.8 வீதமுள்ள 500 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் மதுசாரம் இருக்கிறது. 4.5 வீதமுள்ள 330 மில்லிலீற்றர் ரின் மூன்று குடித்தால்தான் அந்த அளவு வரும். லயன் ஸ்டவுட் அருமையான பியர்தான், ஆனால் அந்த 8.8 வீதத்தை நுவரெலியாக் குளிருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெக்கைக்கு ஏற்ற பியரில் இனிப்பு நாக்கில் ஒட்டாது, வாயு நன்றாக இருக்கும், புளிப்பிருந்தால் இன்னும் நல்லது. நம் ஊருக்கென்றே செய்ததுபோல் இருப்பது ஜேர்மனியின் கோஸே. கொஸ்லாரில் பிறந்து லைப்ஸிக்கில் பேர்பெற்றது. கோதுமை, மல்லி, உப்பு, லக்ரிக் அமிலப் புளிப்பு எல்லாம் சேர்ந்தது. தேசிக்காய்த் தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்து வளர்ந்த நாக்குக்கு இதைப் பழக்கத் தேவையில்லை. பெர்லினின் கோதுமை பியரான பெர்லினர் வைஸ்ஸ இன்னும் புளிப்பு, ஆனால் 3 வீதத்தை ஒட்டியே இருக்கும், மத்தியானத்துக்கு அதுதான் சரி.

பெல்ஜியத்தின் கோதுமை பியரான விட்பியரில் மல்லியும் தோடம்பழத் தோலும் சேரும். அழிந்துபோன இந்த வகையை ஹூகார்டன் ஊரில் 1960களில் பியேர் செலிஸ் என்பவர் மீட்டெடுத்தார். ஜேர்மன் கோதுமை பியரான ஹெஃபெவைஸனில் வரும் வாழைப்பழ, கராம்பு மணங்களை யாரும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை, நொதிக்கும் ஈஸ்ட்டே அவற்றை உண்டாக்குகிறது. கசப்புப் பிடித்தவர்கள் பில்ஸ்னரை எடுக்கலாம். 1842இல் பில்சன் நகரில் வந்த வகை அது. ஹொப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கலாக இருக்கும் ஐபிஏ வேண்டுமென்றால் 'செஷன்', அதாவது மதுசாரம் குறைந்தது, என்று போட்டிருப்பதைத் தேடுங்கள்.

எந்த வகையை எடுத்தாலும், கொழும்பில் பியர் கெடுவது பெரும்பாலும் கிளாஸுக்கு வரும் முன்பே. பியர் செய்பவர்களிடம் 3-30-300 என்றொரு கைக்கணக்கு உண்டு. 32 பாகையில் 3 நாள், 22 பாகையில் 30 நாள், 3 பாகையில் 300 நாள்: மூன்றிலும் பியர் ஏறத்தாழ ஒரே அளவு முதுமையடையும். நம் வீட்டு அலுமாரி அந்த முதல் கணக்கில்தான் இருக்கிறது. சிறு ஆலைகளில் செய்யும் கிராஃப்ட் பியர் பல பாஸ்சரைஸ் (சூடாக்கிக் கிருமி நீக்குவது) செய்யப்படாதவை, வடிகட்டாதவை, ஆகவே அடி இன்னும் பலமாக விழும். ஈரமான கார்ட்போர்ட் மணம் வந்தால் அது இந்தச் சூட்டின் வேலை. குளிர்ப்பெட்டிக்குள் இருப்பதை மட்டும் வாங்குங்கள், உற்பத்தித் திகதியைப் பாருங்கள். ஹொப்ஸ் மணத்துக்காகக் குடிக்கும் பியர் மூன்று மாதம் தாண்டியிருந்தால் வேண்டாம். பச்சை, வெள்ளைப் போத்தல்களை வெயில் படும் தட்டிலிருந்து எடுக்கவே கூடாது. வெளிச்சம் ஹொப்ஸில் பட்டால் ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம்போல ஒன்று கிளம்பும். மண்ணிறப் போத்தல் ஓரளவு காக்கும், ரின் முழுதாகக் காக்கும். வெள்ளவத்தையிலிருந்து வீடு போக அரை மணித்தியாலம் ஓட்டோவில் இருக்க வேண்டுமென்றால் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுபோங்கள். போயா நாளில் விற்பனை இல்லை, முதல் நாளே வாங்கி நேராகப் பிரிட்ஜில் வையுங்கள்.

அவசரமாகக் குளிர்விக்க வேண்டுமா? வாளியில் 2 கிலோ ஐஸ், 1 லீற்றர் தண்ணீர், 100 கிராம் உப்பு. தண்ணீர் கட்டாயம் வேண்டும், வெறும் ஐஸ்கட்டிக்கு இடையில் காற்றுத்தான் நிற்கும், காற்று சூட்டை மெதுவாகத்தான் எடுக்கும். இடைக்கிடை சுழற்றிவிட்டால் ரின் ஏறத்தாழ 10 நிமிடத்தில், போத்தல் 20 நிமிடத்தில் தயார். பிரீஸரில் போட்டு மறந்தால் பியர் உறைந்து விரிந்து போத்தல் வெடிக்கும். பில்ஸ்னருக்கு 4 முதல் 6 பாகை, கோதுமை பியருக்கும் கோஸேக்கும் 5 முதல் 7. அதற்குக் கீழே போனால் மல்லி மணமும் இல்லை, கராம்பு மணமும் இல்லை.

உறையவைத்த மக்கில் ஊற்றாதீர்கள். உள்ளே படிந்த ஐஸ் நுரையைப் பொங்கவைக்கும், பிறகு கரைந்து பியரில் தண்ணீராகும். அதற்குப் பதில் சிறிய கிளாஸ் எடுங்கள். கோல்ஷ் பியரை கொலோன் நகரத்தில் 200 மில்லிலீற்றர் கிளாஸில்தான் தருவார்கள், சூடேறும் முன் முடிந்துவிடும். நமக்கு அவர்களைவிட அது இன்னும் தேவை, மிச்சத்தை ஐஸில் வைத்திருக்கலாம்.

நுரை நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் பியரில் குற்றமில்லை, கிளாஸில் எண்ணெய் இருக்கிறது. கறிச்சட்டி தேய்க்கும் ஸ்பொஞ்சால் கிளாஸைத் தொடக் கூடாது. உப்பைப் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசிக் கவிழ்த்து வையுங்கள். ஊற்றியபின் பக்கச்சுவரில் குமிழிகள் ஒட்டி நின்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது. ஊற்றும் முன் குளிர்ந்த தண்ணீரில் ஒருதரம் நனைத்து, 45 பாகை சரித்து ஊற்றத் தொடங்கி, பாதியில் நிமிர்த்துங்கள், இரண்டு விரல் நுரை போதும். கோதுமை பியரில் கடைசிக் கொஞ்சத்தைப் போத்தலில் விட்டு, சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டோடு ஊற்றுங்கள்.

பைட்ஸ் விடயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கசப்பான ஐபிஏ மிளகாய் எரிவைக் கூட்டும், யாழ்ப்பாண நண்டுக் கறியோடு அது வேண்டாம், விட்பியர் எடுங்கள். இஸ்ஸோ வடைக்கும் அதுவே, மல்லியும் இறாலும் நன்றாகச் சேரும். ஹொட் பட்டர் கணவாய்க்குப் பில்ஸ்னர், அதன் கசப்பு பட்டரை வெட்டும். டெவில் செய்த கோழிக்கு ஹெஃபெவைஸன். உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிய மாங்காய்க்குக் கோஸே. ஒவ்வொரு ரின்னுக்கும் இடையில் ஒரு கிளாஸ் தண்ணீர், பியர் குளிராக இருப்பதால் தாகம் போய்விட்டதாகத் தோன்றினாலும்.