டர்போவில் நீலப் புகை: டிரெய்ன் ஹோஸை மாற்றியதும் நின்றது

வீட்டு ஷெட்டில் நானே பிரித்துக் கோத்த 4 சிலிண்டர் எஞ்சின். டர்போவுக்காக (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) கம்ப்ரஷனைக் குறைத்து, ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டு, பிஸ்டன் ரிங் இடைவெளியையும் கொஞ்சம் கூட்டியிருந்தேன். முதல் ஸ்டார்ட்டிலேயே பிடித்துக்கொண்டது. ஆனால் 10 நிமிடம் ஐடிலில் நின்றதும் சைலன்சரில் நீலப் புகை, ஆயில் எரிவதன் அடையாளம். வயிற்றைக் கலக்கிவிட்டது.

ரிங் போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். கம்ப்ரஷன் பார்த்தால் நாலிலும் சமம். சரி, டர்போதான் என்று புதிதாக வாங்கவே கிளம்பிவிட்டேன். நல்லவேளை, அதற்கு முன் டர்போவில் எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் டர்பைன் பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன். ஷாஃப்டில் தேவைக்கு மேல் ஆட்டம் இல்லை. ஹவுசிங் மட்டும் முழுக்க ஆயில் ஈரம்.

டர்போ ஷாஃப்டில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய வளையம். தேங்கி நிற்கும் ஆயிலை அது தடுக்காது. பேரிங்கைத் தாண்டிய ஆயில் நுரைத்துப்போய், அழுத்தம் இல்லாமல், தன் எடையில்தான் டிரெய்ன் ஹோஸ் வழியாக, எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு இறங்க வேண்டும். நான் போட்ட ஹோஸோ நடுவில் தொங்கி, மறுபடி மேலேறி, சம்பில் ஆயில் மட்டத்துக்குக் கீழே நுழைந்தது. பிறகு ஆயில் எங்கே போகும்?

சம்பைக் கழற்றி, நுழைவாயை மட்டத்துக்கு மேலே மாற்றி வெல்டு வைத்தேன். 10 மில்லிமீட்டர் ஹோஸுக்குப் பதில் 19. டிரெய்ன் துளை நேர் கீழே பார்க்கும்படி டர்போவின் நடுக்கூட்டையும் திருப்பினேன். அப்புறம் இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் துண்டித்து, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டேன். ஓடவிட்டதும் பழைய ஆயில் எரிந்து தீரக் கால் மணி நேரம் ஆனது. பிறகு சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்தேன். ஆயில் கறை இல்லை.